பேச்சுக்கு முன்னே நீச்சல்

2022 மார்ச் 20 அன்று மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி இலங்கையின் தலைமன்னாரில் பாக் நீரிணையில் இறங்கி, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறினாள். ஏறத்தாழ 29 கிலோமீட்டரை நீந்த 13 மணி 10 நிமிடம் ஆனது. இரண்டு வயதிலேயே அவளுக்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்துவிட்டது. 2024-ல் இங்கிலீஷ் கால்வாயையும் கடந்தாள். பத்திரிகைகள் இதைச் சாதனையாக எழுதின; தப்பில்லை. ஆனால் தூத்துக்குடிக் கரையில் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இதில் பயன்படும் சங்கதி வேறு. பேச்சு சரளமாக வராத பிள்ளையையும் முறையாகத் தண்ணீரில் பழக்கிவிட முடியும் என்பதுதான் அது. பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, பள்ளிச் சேர்க்கை என்று நீளும் பெற்றோரின் பட்டியலில் நீச்சல் கடைசியில்கூட வருவதில்லை. கடலோர மாவட்டத்தில் அது முதலில் வர வேண்டும் என்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர், யாரும் பார்க்காத நொடியில் வீட்டைவிட்டு நழுவிவிடுவார்கள். அமெரிக்கக் குடும்பங்களிடம் விசாரித்து 2012-ல் வெளியான ஆய்வில், நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது பிள்ளை அப்படிப் போக முயன்றதாக 49 சதவீதப் பெற்றோர் சொன்னார்கள். பயப்படும் அளவுக்கு நேரம் காணாமல் போன பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் நீரில் மூழ்கும் ஆபத்தைத் தொட்டுத் திரும்பியவர்கள். இதை அடங்காத்தனம் என்று நினைப்பது தவறு. பிடித்த இடத்தைத் தேடியோ, காது தாளாத இரைச்சலிலிருந்து தப்பவோ போகிறார்கள். தண்ணீரின் மினுக்கமும் அது உடம்பைச் சுற்றி அழுத்துவதும் பல பிள்ளைகளுக்குப் பெரும் சுகம். ஆழம் என்றால் ஆபத்து என்பது மட்டும் புரிவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; மூழ்கும்போது உதவிக்குக் கத்தவும் வராது. 14 வயதுக்கு உட்பட்ட ஆட்டிசப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கணக்கிட்டார்கள். அந்த எண்ணை அப்படியே இங்கே பெயர்த்துவைக்கக் கூடாது. இறப்புச் சான்றிதழில் ஆட்டிசம் என்று குறித்திருந்தவர்களை மட்டுமே வைத்துப் போட்ட கணக்கு அது. பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டாலும் 16 மடங்கு மிஞ்சுகிறது.

தூத்துக்குடியில் தண்ணீரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஊருக்குள் பக்கிள் ஓடை, ஊரைச் சுற்றி உப்பளப் பாத்திகளும் வாய்க்கால்களும், தெரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் வாசலை ஒட்டிக் கடல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தண்ணீரே வீடுகளுக்குள் வந்துவிட்டது. பனிமய மாதா கோயில் திருவிழாவின் கூட்டமும் சத்தமும் ஒரு பிள்ளை கை நழுவப் போதும், கடல் பக்கத்தில்தான். பிள்ளையை எந்நேரமும் காவல் காக்க வீட்டில் ஆளும் இருப்பதில்லை. விசைப்படகுக்குப் போகும் அப்பா விடியுமுன் கிளம்பி இரவில் திரும்புகிறார். கப்பல் வேலை என்றால் வருவதற்கு மாதங்கள் ஆகும். உப்பளத்துக்குப் போகும் அம்மாவுக்கும் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும்.

கதவைப் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். பூட்டு வேண்டியதுதான், உயரத்தில் தாழ்ப்பாளும் வேண்டும். ஆனால் பிள்ளை வளரும், தாழ்ப்பாள் எட்டும். பூட்டிய வீட்டுக்குள் பிள்ளையோடு சேர்ந்து அம்மாவும்தான் அடைபட்டுக் கிடக்கிறாள். நீந்தத் தெரிந்தால் துணிச்சல் கூடி தானே தண்ணீருக்குப் போய்விடும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பாதி உண்மையும்கூட. அதனால்தான் முதல் பாடம் கை கால் அடிப்பதாக இருக்கக் கூடாது. சொல்லும்வரை கரையில் காத்திருப்பதாக இருக்க வேண்டும். தினமும் ஒரே இடம், ஒரே ஆசிரியர், ஒரே வரிசை: படம் காட்டினால் உட்காருவது, கை காட்டினால் இறங்குவது. மாறாத ஒழுங்கை விரும்பும் ஆட்டிச இயல்பு இங்கே நமக்குத் துணை. பிறகு மல்லாந்து மிதப்பது, திரும்பிக் கரையைப் பிடிப்பது, உடுத்திய துணியோடு விழுந்தால் எழுவது. இவ்வளவு வந்தாலே பெரிய காரியம். ஜியாவைப் போலப் பாக் நீரிணையைக் கடக்க வேண்டாம். தைவானில் 16 ஆட்டிசச் சிறுவர்களுக்குப் பத்து வாரம் இப்படிப் பயிற்சி தந்து பார்த்தார்கள். நீர்த்திறன் தெளிவாகவே கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் முடியாது என்ற பேச்சுக்கு அது பதில். வலிப்பு வரும் பிள்ளையென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் காவல் வேண்டும்.

நீச்சல் குளத்துக்கும் பயிற்சியாளருக்கும் எங்கே போவது? வங்கதேசத்தில் ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, உள்ளூர் இளைஞர்களைப் பழக்கி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தந்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2012-ல் கணக்கு வந்தது. அவர்கள் பொதுவான பிள்ளைகள், ஆட்டிசம் உள்ளவர்கள் அல்ல. ஆனாலும் செலவு ஒரு தடையில்லை என்பது தெரிகிறது. ஆட்டிசப் பிள்ளையை நிபுணர்தான் தொட வேண்டும் என்பதும் இல்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத ஊழியர்களே பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தண்ணீரை அவர்களைவிட அறிந்த ஆசிரியர் யார்? ஆட்டிசத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தரச் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பையும் ஒரே குளத்தில் சேர்த்து நிறுத்த மாவட்ட நிர்வாகத்தால் முடியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. பெற்றோர் அதைக் காட்டியே மனு கொடுக்கலாம்.

பிள்ளை ஒரு தடவை நழுவிவிட்டால் ஊர் முதலில் கேட்பது, “அம்மாக்காரி எங்கே போனா?” என்றுதான். தாயின் பாசமின்மையால் ஆட்டிசம் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் புத்தகமே எழுதினார். 1977-ல் வந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டிய பிறகு அந்தக் கொள்கை நிற்கவில்லை. தெருவில் அதன் மிச்சம் இன்னும் நடமாடுகிறது. கூப்பிட்டும் திரும்பாமல் கடலை நோக்கி நடக்கும் பிள்ளையைப் பார்த்தால் தூரத்தில் நின்று கத்தாதீர்கள். ஓடிப்போய் தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நடுவே நில்லுங்கள். பெற்றவர்களைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.