குழாய்க்குள் ஒரு சிட்டிகை பாலிமர்

திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தில் கொத்தவரங்காயைப் பெரும்பாலும் பருப்புசிலிக்கென்றுதான் வாங்குவார்கள். பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும், முற்றினால் நார். ராஜஸ்தானில் அதே செடியைக் காய் முற்றி உலரும்வரை வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கே காசு விதைக்குத்தான். விதையை உடைத்து அரைத்தால் வரும் வெளிர்ந்த பொடி, குவார் பசை. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்க அது போகிறது. ஜோத்பூர் ஆலைகளிலிருந்து அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளுக்கும் போகிறது. 2012-இல் அந்தக் கிணறுகளின் தேவையால் அதன் விலை தாறுமாறாக எகிறியது.

இந்தப் பொடிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்குச் சில நூறு கிராம் கலந்தால் போதும், அந்தத் தண்ணீர் பைப்பில் வழக்கத்தைவிட எளிதாக ஓடும்.

கெட்டியாக்கும் பொருள் ஓட்டத்தை எப்படி இலேசாக்கும்? விடை தெரிய 1883-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவே மெல்லிய சாயக் கோடு ஒன்றைச் செலுத்தினார். ஓட்டம் மெதுவாக இருந்தவரை சாயம் நேர்கோடாகவே போனது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் கோடு துடித்தது, உடைந்தது, குழாய் முழுக்கச் சாயம் கலங்கிவிட்டது. நகரத்துக் குடிநீர்க் குழாய், எண்ணெய் பைப்லைன், தீயணைப்பு ஹோஸ் எல்லாவற்றிலும் நடப்பது பெரும்பாலும் இந்தக் கலங்கல் ஓட்டம்தான். பம்பு கொடுக்கும் சக்தியில் பெரும்பங்கைச் சுழல்கள் தின்றுவிடுகின்றன. அதே குழாயில் இரண்டு மடங்கு திரவம் போக வேண்டுமென்றால் அழுத்தத்தை ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஏற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

இங்கிலாந்தின் பி.ஏ. டாம்ஸ் 1948-இல் ஹாலந்தில் நடந்த ஒரு மாநாட்டில் விசித்திரமான ஒரு சேதியைச் சொன்னார். ஒரு கரைப்பானில் கொஞ்சம் பாலிமரை (குவார் பசையும் அந்த வகைதான்) கரைத்துக் குழாயில் விட்டால், அதே அழுத்தத்தில் வெறும் கரைப்பானைவிட அதிகம் பாய்கிறது! கரைசல் சற்றுத் தடித்திருந்தும் இப்படி. இன்றைக்கும் இதற்கு 'டாம்ஸ் விளைவு' என்றே பெயர்.

இதில் பலருக்கும் ஒரு தப்பெண்ணம் உண்டு: இந்தப் பாலிமர் மருந்து குழாயின் உட்சுவரில் வழவழவென்று பூசிக்கொள்கிறது என்று. சுவரில் அது ஒட்டுவதே இல்லை. பாலிமர் மூலக்கூறு மிக நீளமானது. சும்மா இருக்கும்போது நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் சுழல்கள் பிறந்து நடுப்பகுதிக்குச் சீறிக் கிளம்புகின்றன. அந்த இடத்தில் மூலக்கூறு இழுபட்டு நீள்கிறது, சுழலின் சக்தியை வாங்கிக்கொண்டு அதை வளரவிடாமல் அடக்குகிறது. அமைதியாக ஓடும் திரவத்தில் அதற்கு வேலை இல்லை. சுழல் இருந்தால்தான் மருந்து.

இதைப் பெரிய அளவில் காசாக்கியது எண்ணெய்த் துறைதான். 48 அங்குல விட்டமும் சுமார் 1,287 கிலோமீட்டர் நீளமும் கொண்ட அலாஸ்கா பைப்லைனில் 1979 ஜூலையில் இத்தகைய பாலிமரைச் செலுத்தத் தொடங்கினார்கள். புதுக் குழாய் போடாமல், எல்லா பம்பிங் ஸ்டேஷன்களும் கட்டி முடியும்வரை காத்திராமல், கூடுதல் எண்ணெய் அனுப்ப முடிந்தது. நம் நாட்டில் மும்பைக் கடல் எண்ணெய் வயல்களின் குழாய்களிலும் இது பயன்பட்டிருக்கிறது. கடலடியில் இரண்டாவது குழாய் பதிக்கும் செலவை நினைத்தால் சில டிரம் பாலிமர் எவ்வளவோ மலிவு.

தொந்தரவும் கூடவே வரும். நீண்ட மூலக்கூறு பம்பின் இறக்கைகளில் மாட்டினால் துண்டு துண்டாகிவிடும், துண்டுகளால் பயனில்லை. எனவே ஒவ்வொரு பம்பைத் தாண்டியதும் புதிதாகச் செலுத்த வேண்டும். ஒரே பைப்லைனில் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் என்று மாறி மாறி அனுப்பும் இடங்களில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு: விமான எரிபொருளில் இந்த மருந்தைச் சேர்க்கக்கூடாது. அந்தச் சரக்கு வரும்போது ஆபரேட்டர் மருந்து செலுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

தீயணைப்பில் நடந்த கதை இன்னும் சுவையானது. 1960-களின் இறுதியில் நியூயார்க் தீயணைப்புத் துறை பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரைச் சோதித்தது. இரண்டரை அங்குல ஹோஸ் தரும் தண்ணீரை ஒன்றே முக்கால் அங்குல ஹோஸிலேயே எடுப்பது நோக்கம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஐம்பதடி நீளத்தில் பெரிய ஹோஸுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டுமே சுமார் 48 கிலோ, சின்னதில் 24. மாடிப்படியில் இழுத்துக்கொண்டு ஏறுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். சாலை கம்போளம் போன்ற நெருக்கமான கடைத்தெருவுக்குள் நுழைகிறவருக்கும் தெரியும். ஆனால் சிந்தினால் தரை வழுக்கும் அந்த மருந்து காலப்போக்கில் வழக்கொழிந்தது. ஒல்லி ஹோஸ் நிலைத்துவிட்டது.

கொத்தவரைக்கு வருவோம். ஐ.ஐ.டி. கரக்பூரில் ஆர்.பி. சிங்கும் அவரது குழுவினரும் குவார் பசை போன்ற தாவரப் பசைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவற்றின் பலம், பம்பின் அடியைச் செயற்கைப் பாலிமர்களைவிட நன்றாகத் தாங்குவது. பலவீனம், கரைத்து வைத்தால் சில நாளில் கெட்டுப்போவது. பசையின் மூலக்கூறில் பாலிஅக்ரிலமைடு கிளைகளை ஒட்டவைத்து அந்தக் குறையை அவர்கள் குறைத்தார்கள். தெளிப்பு நீர்ப்பாசனத்தில் தண்ணீர் எட்டும் பரப்பைக் கூட்டவும் சோதனை செய்தார்கள். நம் விவசாயத்துக்கு நேரடியாக உதவக்கூடிய இந்த வேலை எண்ணெய்க் கம்பெனிகளின் வேலை அளவுக்குப் பேசப்படாதது வருத்தந்தான்.

சோற்றுக் கற்றாழைச் சாறும் இந்த வரிசையில் உண்டு. அதிலிருந்து எடுத்த பாலிமரை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், கடும் ரத்தப்போக்குக்கு உள்ளாக்கிய எலிகளுக்கு மிகக் குறைந்த அளவில் செலுத்தினார்கள். எலிகள் கூடுதல் நேரம் உயிர் தாங்கியதாக 2004-இல் அறிவித்தார்கள். எலிகளில் கண்டது அது. வீட்டு வைத்தியமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மழைக்காலத்தில் கிள்ளியாறு பெருகுவதையும் தம்பானூர் மூழ்குவதையும் பார்த்த வலியசாலைக்காரருக்கு இயல்பாக ஒரு கேள்வி வரும்: இப்படிப்பட்ட பாலிமரைக் கால்வாயில் கொட்டினால் வெள்ளம் சீக்கிரம் வடியாதா? கேலிக்குரிய கேள்வி இல்லை இது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் செலின் 1970-களில் கழிவுநீர்க் குழாயில் இதைச் செய்தே காட்டினார். குழாய் நிரம்பி வழியும் சில மணி நேரத்துக்கு மட்டும் மருந்து. ஆனால் அங்கே இருந்தது அடைப்பில்லாத, கொள்ளளவு மட்டும் போதாத குழாய். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் போகும் ஆமையிழஞ்சான் கால்வாயின் கதை வேறு. 2024 ஜூலையில் குப்பை அள்ள அதில் இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அங்கே தண்ணீரைத் தடுப்பது சுழல் அல்ல, பிளாஸ்டிக்கும் சேறும். அதைக் கரைக்கும் பாலிமர் எந்த டிரம்மிலும் இல்லை. மாநகராட்சியிடம் மக்கள் கேட்க வேண்டியது, ஆளை இறக்காமல் தூர்வாரும் இயந்திரத்தை, அதுவும் மழை தொடங்கும் முன்.