இருண்ட திரைக்குப் பின்னால் எழுத்து இருக்கிறது!

பரணிலிருந்து இறக்கிய பழைய லேப்டாப். பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது. விசிறி சுற்றுகிறது. ஆனால் திரை மட்டும் கரும்பலகையாய் நிற்கிறது. "போயிடுச்சு சார், பழைய சாமான்காரனிடம் போட்டுடுங்க" என்கிறார் அடுத்த வீட்டு இளைஞர்.

கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தேஹு ரோட்டிலும் தமிழர் வீடுகளில் இப்படிப் பரணேறிய பெட்டிகள் உண்டு. விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி ஓடிய காலத்தில், பலர் செகண்ட் ஹேண்டிலே வாங்கியவை. அந்தப் பெட்டிக்கு இன்று விலை ஒன்றுமில்லை. அதற்குள் இருப்பது வேறு சங்கதி. சீட்டுக் கணக்கு, பொங்கல் விழா வரவு செலவு, ஊருக்கு எழுதிய கடிதங்களின் நகல், ஓய்வு பெற்ற பின் அப்பா ஒரு விரலால் தட்டித் தட்டிச் சேர்த்த குடும்பக் கதை. பழைய சாமான்காரனின் தராசில் இதெல்லாம் ஏறாது.

எனவே தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு டார்ச் லைட்டை எடுங்கள்.

டார்ச் சொல்லும் சேதி

லேப்டாப்பை இயக்கிவிட்டு, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக, பேய் உருவம் போல, விண்டோஸ் சின்னமோ எழுத்துகளோ தெரிகின்றனவா? தெரிந்தால் மகிழ்ச்சி அடையலாம். படம் வருகிறது, வெளிச்சம்தான் இல்லை.

அந்தக் கால லேப்டாப் திரை தானாக ஒளி வீசுவதில்லை. அதன் பின்புறம், பெரும்பாலும் அடிவிளிம்பில், பென்சிலை விட மெல்லிய ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். நம் வீட்டு டியூப் லைட்டின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எரிய வைக்கப் பல நூறு வோல்ட் மின்சாரம் வேண்டும். பேட்டரி தரும் சில வோல்ட்டை அவ்வளவாக உயர்த்திக் கொடுப்பது இன்வர்ட்டர் எனப்படும் விரல் நீளப் பலகை. குழல் தேய்ந்தாலும் இன்வர்ட்டர் போனாலும் திரை இருளும். போட்டவுடன் திரை செம்மை படர்ந்து தோன்றி, பிறகு தெளிந்தால் குழல் முதுமை அடைந்துவிட்டது என்று பொருள். வெளிச்சம் வந்து சில நொடிகளில் பட்டென்று அணைந்தால் இந்த இரண்டில் ஒன்றின் மேல் சந்தேகப்படலாம்.

மூடியைத் திறக்கும் கோணத்தை மாற்றும்போது படம் வந்து வந்து போகிறதா? அப்படியானால் கீல் வழியாகச் செல்லும் கேபிள் நைந்திருக்கும். தினம் இருபது முறை திறந்து மூடினால் எந்தக் கம்பிதான் தாங்கும்? சில மாடல்களில் கீலுக்கருகே ஒரு சிறு பொத்தான் உண்டு. மூடியை மூடியதும் விளக்கை அணைப்பது அதன் வேலை. தூசியில் அது உள்ளேயே சிக்கிக்கொண்டால், மூடி திறந்திருக்கும்போதும் லேப்டாப் தன்னை மூடியதாகவே நினைத்துக்கொள்ளும்! நாலைந்து தடவை விரலால் அழுத்தி விட்டாலே குணமாகிவிடக் கூடிய நோய் இது.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த சோதனை. பின்புறமோ பக்கவாட்டிலோ பதினைந்து துளைகள் கொண்ட, பல மாடல்களில் நீல நிறமான, வி.ஜி.ஏ. வாய் இருக்கும். அதில் அலுவலகத்திலோ நண்பர் வீட்டிலோ உள்ள ஒரு பழைய மானிட்டரைச் செருகுங்கள். எப்.என். சாவியோடு, மேல் வரிசையில் திரைப் படம் போட்ட சாவியைச் சேர்த்து அழுத்துங்கள். வெளி மானிட்டரில் படம் வந்துவிட்டால், கம்ப்யூட்டரின் மூளைக்குப் பழுதில்லை. அன்றைக்கே வேண்டிய கோப்புகளை நகல் எடுத்துவிடலாம். திரையைப் பழுது பார்ப்பதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

உயர் மின்னழுத்தம் இருப்பதால், இன்வர்ட்டர் பக்கம் வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். குழலுக்குள் பாதரசம் உண்டு, உடைக்கக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள்.

பெரிய எழுத்து, பதினாறு நிறம்

வெளிச்சம் இருக்கிறது, படமும் இருக்கிறது, ஆனால் எல்லாம் பூதாகாரமாகத் தெரிகிறது. புகைப்படங்கள் திட்டுத் திட்டாக இருக்கின்றன. இது திரையின் குற்றமல்ல. யாரோ விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறார், டிரைவர் போட மறந்துவிட்டார். டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் அதன் படச் சில்லுக்கும் நடுவே நிற்கும் துபாஷி. துபாஷி இல்லாவிட்டால் இருவரும் சைகையால்தான் பேசிக்கொள்ள வேண்டும். 640க்கு 480 புள்ளி, 16 நிறம் என்ற அந்தச் சைகை மொழிதான் உங்கள் கண்ணில் படுகிறது.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு உரிய டிரைவரையே தேட வேண்டும். நியோமேஜிக், டிரைடென்ட், எஸ்3, ஏ.டி.ஐ. என்று அக்காலத்துச் சில்லுகள் பலவகை. ஒன்றின் துபாஷி மற்றொன்றுக்கு ஆகாது. தவறான டிரைவரைப் போட்டு, விண்டோஸ் வரும் நேரத்தில் திரை இருண்டுபோனால், இயங்கத் தொடங்கும்போதே எப்8 சாவியைத் தட்டி ‘சேப் மோட்’ வழியாக உள்ளே சென்று அதை நீக்கிவிடலாம். எக்ஸ்பியில் ‘வி.ஜி.ஏ. மோட்’ என்ற வழியும் உண்டு.

"பார்மட் கரூ நகா!"

புணேயில் எலெக்ட்ரானிக் சாமான் என்றால் புத்வார் பேட்டையின் தாப்கீர் கல்லி. பழைய உதிரிப் பாகம் என்றால் ஜூனா பஜார். பழுதான இன்னொரு லேப்டாப்பிலிருந்து கேபிளோ இன்வர்ட்டரோ கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் இந்த ஊரில் உண்டு. ஆனால் கடைக்காரருக்கு வேலை சுலபமாக முடிய வேண்டும். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பதுதான் அவருக்குச் சுலபம். பெட்டி பளிச்சென்று திரும்பி வரும். அப்பா எழுதியது திரும்பி வராது.

ஆகவே பெட்டியைக் கொடுக்கும்போதே "பார்மட் கரூ நகா" என்று மராத்தியில் அழுத்திச் சொல்லுங்கள். அதைவிட மேல், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுப்பது. இரண்டரை அங்குலம், 44 ஊசிகள் கொண்ட டிஸ்க் அது. யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றில் மாட்டினால், டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்வரை, இன்றைய கம்ப்யூட்டரிலும் படிக்கலாம்.

எம், கே, அரைப்புள்ளி...

இவ்வளவும் செய்து கோப்பைத் திறந்தால், இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். தமிழில் எழுதியதெல்லாம் ஆங்கில எழுத்துகளாக, அர்த்தமில்லாமல் இறைந்து கிடக்கும். ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். வைரஸ் என்று பயந்து அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

அது பாமினி எழுத்துரு. தமிழ் டைப்ரைட்டிங் படித்த குமாஸ்தாக்களுக்கு விளக்கவே வேண்டாம். ய, ள, ன, க என்று இடக்கை விரல்கள் பழகிய அதே வரிசை. ஆங்கில எழுத்தின் எண்ணையே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தது அந்த உத்தி. எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் அப்படியே எழுந்து நிற்கும்.

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்ததால் வந்த குழப்பம் இது. இதைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளும் ஒரு விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன.

இந்த விஷயத்தில் நாம் குடியிருக்கும் ஊருக்கும் பெரிய பங்கு உண்டு. 1988ல் புணேயில் தொடங்கிய சி-டாக் நிறுவனத்தைப் பரம் சூப்பர் கம்ப்யூட்டருக்காகத்தான் பலரும் அறிவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைவிட்ட ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம் மோகன் தாம்பே தலைமையில் வளர்ந்ததும் அங்கேதான். ரோமன் எழுத்து மட்டுமே அறிந்த கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜிஸ்ட் கார்டைச் செருகினால், திரையில் தமிழும் மராத்தியும் இந்தியும் வந்தன. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே குறியீட்டு முறை வகுக்கப்பட்டு 1991ல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. அதனுடன் வந்த இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில், பக்கத்து மேஜை மராத்தி நண்பரின் ‘க’வும் நம்முடைய ‘க’வும் ஒரே சாவியில்தான் இருக்கின்றன. இன்றைய யூனிகோடில் தமிழுக்குக் கிடைத்த இட வரிசை, அந்த முறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டியது.

பழைய பெட்டியில் யூனிகோட் தமிழைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். யூனிகோடில் ‘கெ’ என்றால் முதலில் ‘க’, பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படும். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது கம்ப்யூட்டரின் பொறுப்பு. விண்டோஸ் 98க்கு இயல்பாக இந்த வித்தை தெரியாது. விண்டோஸ் 2000தான் ‘லதா’ எழுத்துருவுடன் இதை முதலில் செய்தது. எக்ஸ்பிக்குத் தெரியும், ஆனால் சொல்லித்தான் செய்யும்: கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், அதில் லாங்குவேஜஸ், அங்கே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற சொற்கள் உள்ள கட்டத்தில் ஒரு டிக். எக்ஸ்பி குறுந்தகடு கையில் இருக்கட்டும், கேட்கும். விண்டோஸ் 98க்கு 2006லும் எக்ஸ்பிக்கு 2014லும் பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அந்தப் பெட்டியில் பாங்கு வேலை பார்க்க வேண்டாம்.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற, சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் அவை பயன்படும். ஆதலால் கடிதங்களை நகல் எடுக்கும்போது, விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸ் போல்டரையும் கூடவே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை மாற்றாமல், நகலை மாற்றிப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு பக்கம். ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் சரியாக வருகின்றனவா என்று வீட்டில் மூத்தவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.