பத்துக்குப் பின் – 5: எந்த குரூப்?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பை முடித்துப் பதினொன்றில் சேரும் மாணவருக்கு ஆறு பாடங்கள். மொழிப்பாடம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று போக, மீதி நான்கும் சேர்ந்ததுதான் பேச்சுவழக்கில் ‘குரூப்’. இந்த நான்கையும் தனித்தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது. பள்ளி ஏற்கெனவே கட்டிவைத்திருக்கும் கட்டுகளில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்த சில நாட்களில், பதினைந்து வயதுப் பிள்ளை விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் அந்த ஒரு டிக்கைத் தொட்டுத்தான் நகர்கின்றன.

1978-க்கு முன் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அதன்பின் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. 1978-ல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்து, முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்ட் குரூப் என்று பி.யூ.சி. காலத்தில் வழங்கிய பெயர்கள் இன்னும் வீடுகளில் புழங்குகின்றன. முதலாவது கெட்டிக்காரப் பிள்ளைக்கு, மூன்றாவது மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு என்ற நினைப்பும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அடையாளத்துக்கு வைத்த எண் தரவரிசை ஆகிப்போனதில் பாடங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் பிள்ளைகள்.

இன்று பெரும்பாலான பள்ளிகளில் உள்ள கட்டுகள் இவை. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்தது பயோ-மேத்ஸ். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பது ப்யூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றோடு வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ சேர்ந்தால் காமர்ஸ். வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல் கொண்ட கலைப்பிரிவு சில பள்ளிகளில் மட்டும் உண்டு. வேளாண் அறிவியல், செவிலியம், அடிப்படை இயந்திரவியல் போன்ற தொழிற்கல்விப் பிரிவுகளும் இருக்கின்றன.

உயர்கல்வி என்ன கேட்கிறது என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால் இந்தக் கட்டுகளின் மதிப்பு தெளிவாகும். பொறியியலுக்கு 1984 முதல் நடந்த மாநில நுழைவுத்தேர்வு, 2006-ல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான்காவது பாடத்துக்கு அதில் இடமே இல்லை. மருத்துவத்துக்கு 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் நுழைவுத்தேர்வு. அதன் 720 மதிப்பெண்ணில் உயிரியல் மட்டும் 360. இயற்பியலும் வேதியியலும் தலா 180. கணிதம் கிடையாது.

ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்துப் பார்க்கலாம். பயோ-மேத்ஸ் மாணவி ஒருவர் கணிதத்தில் 92, இயற்பியலில் 90, வேதியியலில் 88, உயிரியலில் 97 எடுத்திருக்கிறார் என்று கொள்வோம். பொறியியல் கலந்தாய்வில் அவருடைய கட்-ஆஃப் 92 + 45 + 44, அதாவது 181. அந்த 97 இந்தக் கூட்டலில் வராது. அவரே கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்தால் கணிதம் மறைந்து உயிரியல் உள்ளே வருகிறது: 97 + 45 + 44 = 186. நீட்டுக்குப் போனால் கணிதம் தவிர்த்த மூன்று எண்களும் தகுதிக்கு மட்டும்தான். தரவரிசையைத் தீர்மானிப்பது அந்த ஒரு நாள் தேர்வு. கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களுக்குச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நடக்கிறது என்பதை டாக்டர் கனவோடு இருக்கும் பல குடும்பங்கள் பன்னிரண்டு முடிந்த பிறகே கேள்விப்படுகின்றன. முன்பே தெரிந்திருந்தால் அந்த இரண்டாண்டுப் பதற்றத்தில் ஒரு பகுதி குறைந்திருக்கும்.

குரூப் பற்றிய நம்பிக்கைகளில் மிகப் பரவலானது, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டுமானால் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்பது. அப்படி ஒரு விதி இல்லை. கட்-ஆஃபில் சேராத அந்த நான்காவது பாடம் உயிரியலாக இருந்தாலும் கணினியாக இருந்தாலும் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் ஒன்றுபோலவே கிடைக்கும். நிரல் எழுதும் பழக்கம் முன்கூட்டியே வருவது நல்லதுதான், ஆனால் அது வேறு விஷயம். இதன் மறுபக்கம் இன்னும் வலி தருவது. பயோடெக்னாலஜியில் ‘பயோ’ இருக்கிறதே என்று ப்யூர் சயின்ஸ் எடுக்கும் மாணவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் பி.டெக். பயோடெக்னாலஜி கிடைக்காது. அங்கும் கணிதம்தான் வாசல்.

இரண்டு மனதாக இருக்கும் பிள்ளைக்கு வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் தீர்ப்பு, “டாக்டரோ இன்ஜினியரோ, ரெண்டுல ஒண்ணு வரும், பயோ-மேத்ஸ் போடு” என்பது. இதில் நியாயம் இல்லாமலில்லை. இரண்டு வாசல்களையும் திறந்து வைக்கும் ஒரே கட்டு அதுதான். ஆனால் திறந்து வைக்க விலை உண்டு. உயிரியல் ஒரு பாடம் என்று சொன்னாலும் புத்தகங்கள் இரண்டு: உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல். பொறியியல் பக்கம் போகிறவருக்கு அந்த நேரம் மதிப்பெண்ணாகத் திரும்பி வராது. மருத்துவப் பக்கம் போகிறவருக்குக் கணிதத்தில் செலவழித்த நேரம் திரும்பி வராது. அத்தோடு நீட் பயிற்சியும், ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களின் பொறியியல் இடங்களுக்கான ஜே.இ.இ. நுழைவுத்தேர்வுப் பயிற்சியும் சேர்ந்தால் பிள்ளை தூங்கும் நேரத்திலிருந்துதான் நேரம் எடுக்க வேண்டியிருக்கும். பயோ-மேத்ஸ் எடுப்பது தவறில்லை. இரண்டு நுழைவுத்தேர்வுக்கும் கடைசி வரை சேர்த்தே தயாராவதுதான் தவறு. பதினொன்றின் அரையாண்டுத் தேர்வு வரை இரண்டையும் சமமாகப் படித்துவிட்டு, அதன்பின் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இந்தச் சுமையைக் குறைக்க அரசே ஒருமுறை முயன்றது. 2019-ல் வெளியான அரசாணை, முதன்மைப் பாடங்கள் நான்கு என்பதை மூன்றாகக் குறைத்து, 500 மதிப்பெண்ணுக்குப் படிக்கும் வாய்ப்பையும் தந்தது. கணிதம்-இயற்பியல்-வேதியியல் என்றோ, இயற்பியல்-வேதியியல்-உயிரியல் என்றோ எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் ஒரு வாசல் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே மூடிவிடும் என்ற கவலை எழுந்தது. 2020-ல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நான்கு பாடங்களும் 600 மதிப்பெண்ணும் நிலைத்தன.

கணிதமா உயிரியலா என்ற தடுமாற்றத்தில் பார்க்க வேண்டிய முதல் கேள்வி, எதை விட்டால் பின்னால் பிடிக்க முடியாது என்பது. கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல், கட்டடக்கலை, வணிகக் கப்பல் துறை, என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கடற்படை, விமானப்படை எல்லாம் அடைபடுகின்றன. என்.டி.ஏ.யின் தரைப்படைப் பிரிவுக்கு எந்த குரூப்பும் போதும் என்பது சரி, ஆனால் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளியல் ஹானர்ஸ் சேரவும் பன்னிரண்டில் கணிதம் படித்திருக்க வேண்டும். பொருளியல் கலைப்பாடம்தானே என்று கணிதத்தை விட்டவர்கள் அங்கே திகைத்து நிற்கிறார்கள். உயிரியலை விட்டவருக்கு அடைபடுவது மருத்துவமும் அதைச் சார்ந்த படிப்புகளும். பி.ஃபார்ம். அவற்றில் ஒரு விதிவிலக்கு: இயற்பியல், வேதியியலோடு கணிதம் படித்தவரும் அதில் சேரலாம்.

மருத்துவ வாசலுக்கு இப்போது ஒரு மாற்றுச் சாவியும் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேர்ச்சி பெற்றவரும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. அதுவரை பதினொன்று, பன்னிரண்டு இரண்டிலும் வகுப்பறையில் உயிரியல் படித்திருக்க வேண்டும் என்றே இருந்தது. கணினிப் பிரிவு எடுத்துவிட்டு, பதினேழு வயதில் மருத்துவம் வேண்டும் என்று உணரும் பிள்ளைக்கு இந்த அறிவிப்பு பெரிய ஆறுதல்.

அறிவியலா காமர்ஸா என்பது வேறு வகைத் தடுமாற்றம். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வுக்கு எந்த குரூப் படித்தவரும் பதிவு செய்யலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, ஹோட்டல் மேனேஜ்மென்ட், பி.டெஸ். எனப்படும் வடிவமைப்புப் படிப்பு எதற்கும் குரூப் தடையில்லை. குடிமைப்பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் இணையவழியில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு கூட, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டை எந்தப் பிரிவில் முடித்தவரையும் தகுதித் தேர்வின் வழியாக ஏற்கிறது. ஆக, அறிவியலிலிருந்து இந்தப் பக்கம் வரப் பாலம் உண்டு. இங்கிருந்து அந்தப் பக்கம் போகப் பாலம் அரிது. காமர்ஸில் உள்ள வணிகக் கணிதத்தில் அணிகளும் வகைநுண்கணிதமும் வந்தாலும், பொறியியல் சேர்க்கையில் அது கணிதத்துக்கு ஈடாகாது.

இதைக் காட்டி எல்லாப் பிள்ளைகளையும் அறிவியல் பக்கம் தள்ளுவது கொடுமை. இயற்பியல் பிடிக்காத பிள்ளை அதோடு இரண்டாண்டு மல்லுக்கட்டி, குறைந்த மதிப்பெண்ணோடு பி.காம். தேடி வரும்போது, வணிகவியல் படித்தவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சி.ஏ. என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைக்குக் கணக்குப்பதிவியலில் இரண்டாண்டு முன்னதாகவே கை பழகுவது பெரிய பலம்.

பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரிசல்ட்டுக்கு முந்தைய விடுமுறையில் புரட்டிப் பார்க்கலாம். முதல் அத்தியாயம் எப்போதும் அறிமுகமாகவே இருக்கும்; மூன்றாவது, நான்காவதைத் திறப்பது நல்லது. கணிதத்தில் முக்கோணவியல் வரும். கணக்குப்பதிவியலில் முதன்மைப் பதிவேடும் பேரேடும் வரும். ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்கினால் கொள்முதல் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. பணம் கையை விட்டுப் போகிறது, எழுதுவதோ ‘வரவு’! இது ஏன் என்று ஒரு பிள்ளை நெற்றியைச் சுருக்கி, பக்கத்தைத் திருப்பி, காரணம் பிடிபட்டதும் அடுத்த கணக்கைத் தானே போட்டுப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு காமர்ஸைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

விரும்பியதை எடுக்கப் பள்ளி விட வேண்டுமே என்பது அடுத்த தடை. பல பள்ளிகள் பத்தாம் வகுப்பின் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தே குரூப் தருகின்றன. மொத்தம் 410 எடுத்து, அதில் கணிதம் 58 மட்டுமே வாங்கிய பிள்ளைக்கு பயோ-மேத்ஸ் கிடைத்துவிடும். மொத்தம் 370, ஆனால் கணிதத்தில் 94 வாங்கிய பிள்ளையைக் கணிதமே இல்லாத பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். மொழிப்பாடத்திலும் சமூக அறிவியலிலும் குறைந்த மதிப்பெண்ணுக்காகக் கணிதத்தைப் பறிப்பதில் என்ன நியாயம்? பெற்றோர் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்த்து, கணித, அறிவியல் மதிப்பெண்களைத் தனியாகச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். கேட்டதால் கிடைத்த பிள்ளைகள் உண்டு.

கிராமப்புறத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு முதுநிலை ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் குரூப். வேண்டிய பிரிவு அடுத்த ஊர்ப் பள்ளியில் இருக்கும். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பெண் பிள்ளையானால் அந்தத் தூரமே முடிவைச் சொல்லிவிடுகிறது. சேர்வதற்கு முன் அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் நடக்கிறதா என்று விசாரிப்பது குரூப்பின் பெயரை விசாரிப்பதைவிட முக்கியம். ஆய்வகம் உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பதினொன்றுக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாறும் பிள்ளை இந்த ஒதுக்கீட்டை இழந்துவிடும். மாறுவதற்கு முன் இதை ஒருமுறை கணக்கில் எடுக்க வேண்டும்.

தவறான குரூப்பில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் ஜூன், ஜூலையிலேயே சொல்லிவிட வேண்டும். இடமும் ஆசிரியரும் இருந்தால் தொடக்க வாரங்களில் பிரிவு மாற்றிக்கொள்ளப் பள்ளிகள் பெரும்பாலும் இசைகின்றன. காலாண்டுத் தேர்வுக்குப் பின் அது கடினம். விடுபட்ட பாடங்களைத் தனியே படித்து ஈடுகட்டவும் நேரம் இருக்காது. பன்னிரண்டும் முடிந்துவிட்ட நிலையில், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக ஒரே ஒரு பாடத்தை மட்டும் தனியாக எழுதலாம். அறிவியலோ தொழிற்கல்வியோ படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து டிப்ளமோ முடித்து, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியும்.

(தொடரும்)