எந்தக் குட்டியை எடுப்பது?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரம் நடப்பவர்கள் கண்ணில் நாய்க்குட்டிகள் தவறாமல் படும். தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்கின்றன. சுமார் 63 நாளில் குட்டி போடுகின்றன. எடுத்து வளர்க்க நினைப்பவர் ஒரே ஈத்துக் குட்டிகளைப் பார்த்ததும் கேட்பது இதுதான்: இதில் எது நல்ல குட்டி?

ஊர்ப்பக்கம் இதற்குப் பழைய சோதனைகள் உண்டு. கால் நகங்களை எண்ணுவார்கள். காதைப் பிடித்துத் தூக்கி, கத்தாத குட்டியே வீரமானது என்பார்கள். கூடுதல் நகம் பரம்பரையாக வருவது. அது காவல் குணத்தைச் சொல்லாது. காதைப் பிடித்துத் தூக்கினால் குட்டிக்கு வலிக்கும், அவ்வளவுதான்.

மேலைநாடுகளில் ஏழு வாரக் குட்டியை மல்லாத்திப் பிடித்தும், பந்தை உருட்டிவிட்டும் குணத்தைக் கணிக்கும் முறை பரவியது. ஆய்வுகள் இதற்கும் பெரிதாகத் துணை நிற்கவில்லை. 1998இல் வெளியான சுவீடன் ஆய்வில், எட்டு வார ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளிடம் நடத்திய சோதனை, அவை வளர்ந்தபின் பணிக்கு ஏற்றவையா என்பதைச் சொல்லவில்லை. வியன்னா ஆய்வாளர்கள் பார்டர் கோலி குட்டிகளைப் பிறந்த சில நாளிலிருந்து பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். புது இடத்தைத் துருவிப் பார்க்கும் ஆர்வம் மட்டுமே ஓரளவு மாறாமல் நீடித்தது. இனத்தைப் பார்த்தாவது சொல்லலாமா? 2022இல் அமெரிக்காவில் வந்த பெரிய மரபணு ஆய்வின்படி, நாய்களிடையே காணும் குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதமே.

ஆகவே உடல்நலத்தைப் பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்புறத்தில் கழிச்சலின் கறை இருக்கக் கூடாது. வயிறு மட்டும் உப்பி விலா தெரிந்தால் குடற்புழு இருக்கலாம், மருந்தில் சரியாகிவிடும். குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டி, திரும்புகிறதா என்று பாருங்கள். வெள்ளைக் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருக்கும். ராஜபாளையம் இனத்தில் இது தெரிந்த குறை. தாய் மனிதர்களைக் கண்டு மிரள்கிறதா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது வயது. மூன்றாவது வாரம் முதல் சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை, எதற்குப் பயப்பட வேண்டும், எது உறவு என்பதை நாய்க்குட்டியின் மூளை வகுத்துக்கொள்கிறது. 1961இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 14 வாரம் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரை அண்டவே அஞ்சின. அதற்காக நாலு வாரத்திலேயே தூக்கி வந்துவிடக் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் குட்டி கற்கிறது. எட்டு வாரம் பொருத்தமான வயது. வந்தபின் குழந்தைகள், பைக் சத்தம், கோயில் மேளம் எல்லாவற்றையும் மெல்ல மெல்லப் பழக்குங்கள். பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல் கையில் தூக்கிச் செல்லுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. விளையாட்டாகக் கடித்தாலும் பல் பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனை போக வேண்டும்.

தெருநாய்தானே என்பவர்கள் திருவண்ணாமலை ரமணாசிரமம் போய் வரலாம். அங்கே ரமணரின் பசு லட்சுமியின் சமாதிக்கு அருகிலேயே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது.

தெருக் குட்டியை எடுப்பது உயிர் காப்பதும்கூட. கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 364 தெருக் குட்டிகளைக் கவனித்ததில், ஏழு மாதம் தாண்டியவை 19 சதவீதம்தான். இறப்புகளில் பெரும்பகுதிக்கு மனிதரே காரணம். கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட, பெட்டைக் குட்டிகள் பாதையோரத்திலேயே நிற்கின்றன. கருத்தடை செய்துவிட்டால் பெட்டையை ஒதுக்கக் காரணமே இல்லை. பாசத்திலும் காவலிலும் அது குறைந்ததல்ல. எடுப்பதானால் அதை எடுங்கள். மற்ற குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்கும் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இன்னொரு ஈத்து பிறக்கும். அதிலும் ஐந்தில் ஒன்றுதான் தப்பும்.