பேட்டரி தெளிப்பானில் பழுது: பேட்டரியை மாற்றுமுன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

முதுகில் சுமந்து தெளிக்கும் பேட்டரி தெளிப்பான் இன்று சிறு விவசாயிகள் பலரிடமும் உள்ளது. கைத்தெளிப்பானைப் போல ஓயாமல் கைப்பிடியை அடிக்க வேண்டியதில்லை என்பதால் வேலை எளிதாகிறது. ஆனால் பாதி வயலில் வேகம் குறைந்து நின்றுவிட்டால் கரைத்த மருந்து வீணாகும். அழுத்தம் குறைந்த நிலையிலேயே தொடர்ந்து தெளித்தாலும் துளிகள் பெரிதாகி, இலையில் சீராகப் படியாமல் வழிந்துவிடும். இத்தகைய சமயத்தில் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குவோர் மிகுதி. புதியதைப் பொருத்தியும் அதே குறை நீடித்தால் பணம் போனதுதான் மிச்சம்.

பழுது எங்கே என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு நாமே கண்டறியலாம். மீட்டரின் திருகியை டி.சி. வோல்ட் பகுதியில் 20 என்ற எண்ணுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். ஆம்பியர் பகுதியில் வைத்துப் பேட்டரி முனைகளைத் தொடவே கூடாது. மீட்டர் வழியாக முழு மின்சாரமும் பாய்ந்து மீட்டர் கெட்டுவிடும், கையும் சுடும்.

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் பியூஸ், ஸ்விட்ச், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி, பம்பின் தலையிலுள்ள அழுத்த ஸ்விட்ச் ஆகியவற்றைக் கடந்து மோட்டாரை அடைகிறது. தலைமடையில் நீர் இருந்தும் கடைமடைக்கு எட்டவில்லை என்றால் வாய்க்காலை ஒட்டி நடந்துதானே பார்ப்போம். இங்கும் அதே முறைதான்.

முதலில் பேட்டரி. பெரும்பாலான தெளிப்பான்களில் 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி உள்ளது. முழுதும் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.7 முதல் 13 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.2 அளவில் இருந்தால் ஏறக்குறையப் பாதிதான் மீதம். 11.8க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி எனலாம்.

ஆனால் இந்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகச் சொற்பம். ஆகவே நலிந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். பளு ஏற்றினால்தான் அதன் உண்மை நிலை தெரியும். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 35 வாட் முகப்பு விளக்கு பல்பு ஒன்று இதற்குப் போதும். அது சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். தெளிப்பான் பம்பின் பளுவும் ஏறக்குறைய அதுவே. முழுதும் சார்ஜ் ஆன பேட்டரியில் அந்தப் பல்பை ஐந்து நிமிடம் எரியவிட்டு, எரியும்போதே அளக்க வேண்டும். 11.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். விறுவிறுவென்று இறங்கி 10.5க்குக் கீழே போனால் அதன் ஆயுள் முடிந்தது எனக் கொள்ளலாம்.

பேட்டரி முழுதும் சார்ஜ் ஆகாமலேயே இருந்தால்? சார்ஜரில் விளக்கு எரிவதை மட்டும் வைத்து அது வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. சார்ஜ் ஏறும்போதே பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். வோல்ட் மெல்ல மெல்ல உயர்ந்து, சில மணி நேரத்தில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். மணிக்கணக்கில் வைத்தும் உயரவில்லை என்றால் சார்ஜர், அதன் கம்பி, செருகும் முனை ஆகியவற்றில் ஒன்று பழுது. 15ஐத் தாண்டினாலும் சார்ஜரையே மாற்ற வேண்டும். இல்லையேல் பேட்டரி சூடேறி உப்பிவிடும். சில நிமிடங்களிலேயே 14ஐத் தொட்டுப் பச்சை விளக்கு எரிந்து, வயலில் கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டால் குறை பேட்டரியில்தான்.

சார்ஜரின் பெட்டியைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் எ.சி. மின்சாரம் உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாறி ஒரு கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அது இருக்கும், உயிருக்கே ஆபத்து.

பேட்டரியும் சார்ஜரும் சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் பெரும்பாலும் இணைப்புகளில்தான் குறை இருக்கும். பழுது பார்ப்போர் அதிகம் கவனிக்காத இடமும் இதுவே. மருந்து நீர் அடிப்பாகத்தில் கசிந்து கிளிப்புகளிலும் ஸ்விட்ச் முனைகளிலும் பச்சைக் களிம்பு பூத்துவிடும். களிம்பேறிய ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 3 ஆம்பியர் பாயும்போது அங்கேயே 1.5 வோல்ட் விழுந்துவிடும். பேட்டரியில் 12.3 இருந்தாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 10.8தான். மோட்டார் நிற்கும்போது அளந்தால் இந்த இழப்பு தெரியவே தெரியாது.

ஆகவே ஓடவிட்டு அளக்க வேண்டும். தொட்டியை நன்கு கழுவி, கையுறை அணிந்து, அடிமூடியைக் கழற்றுங்கள். பேட்டரியை இணைப்பு நீக்காமல் வெளியே எடுத்து அருகில் வைத்து, தெளிப்பானை இரண்டு செங்கற்கள் மேல் நிறுத்திக் கொஞ்சம் நல்ல நீர் ஊற்றுங்கள். வேகத் திருகி முழு அளவில் இருக்கட்டும். ஒருவர் விசையை அழுத்தித் தெளித்துக்கொண்டிருக்க, மற்றவர் மோட்டாரின் முனைகளில் அளக்க வேண்டும். பேட்டரியின் அளவுக்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையில் தடை உள்ளது. பிறகு பியூஸின் இரு புறமும், ஸ்விட்சின் இரு முனைகளிலும், ஒவ்வொரு கிளிப்பிலும் மீட்டர் கம்பிகளை வைத்துப் பாருங்கள். எங்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. உப்புத்தாளால் தேய்த்து, கிளிப்பை இறுக்கி, சிறிது வாசலின் தடவினால் போதும்.

பியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும். கம்பி இழையைச் சுற்றிவிடும் பழக்கம் கூடாது. மறுபடியும் போனால் கம்பி ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். விசையை அழுத்தியும் மோட்டார் அசையவில்லை என்றால் அழுத்த ஸ்விட்சின் இரு கம்பிகளையும் ஒரு நொடி சேர்த்துப் பாருங்கள். ஓடினால் அந்த ஸ்விட்சை மட்டும் மாற்றலாம். மோட்டார் முனையில் 12 வோல்ட் வந்து, மோட்டாரும் ஓடி, நீர் மட்டும் வராவிட்டால் மின்சாரத்தில் குறையில்லை. வடிகட்டி, பம்பின் வால்வு, நாசில் ஆகியவற்றில் அடைப்பு இருக்கும்.

மேலே சொன்ன அளவுகள் ஈய அமிலப் பேட்டரிக்கே உரியவை. லித்தியம் பேட்டரி உள்ள தெளிப்பானுக்கு அதனுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். முனை பொருந்துகிறதே என்று ஒன்றின் சார்ஜரை மற்றொன்றில் செருகினால் தீப்பிடிக்கவும் கூடும்.

பருவம் முடிந்து தெளிப்பானை எடுத்து வைக்கும்போது ஈய அமிலப் பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்தே வைக்க வேண்டும். காலியாகவே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, மறுபடி சார்ஜ் ஏற்காது. வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். கெட்ட பேட்டரியை வரப்பிலோ கிணற்றருகிலோ போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளேயுள்ள ஈயத்துக்காக விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள்.