வரைபடம் ஒன்று, வாள் ஒன்று, வாங்கு ஒன்று

நம் வீடுகளிலுள்ள தளபாடங்களின் பெயர்களைச் சற்று ஆராய்வோமாயின், சுவையான ஓர் உண்மை புலனாகும். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி ஆகிய நான்கும் போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்த சொற்கள். மேசையில் உள்ள லாச்சியோ ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். கட்டில், தொட்டில், ஊஞ்சல், பாய் என்பவையே நம் முன்னோர் வழங்கிய பெயர்கள். ஆயினும், பெயர் கடல் கடந்து வந்ததேயன்றிப் பொருள் இங்கேதான் உருவாயிற்று. இந்நாட்டு மரத்தை இந்நாட்டுத் தச்சர் தம் உளியாற் செதுக்கிச் செய்த கதிரைகளில் நம் பாட்டன்மாரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் அமர்ந்தனர்.

இன்றைய நிலை வேறு. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையின்மேல் மரம் போன்ற தாளை ஒட்டி, கண்ணைப் பறிக்கும் அலுமாரிகள் கடைகளில் நிற்கின்றன. ஒருமுறை மழைநீர் பட்டால் அப்பலகை ஊதிவிடுகிறது. திருகாணி பிடிமானம் இழக்கிறது. மீண்டும் கடைக்குப் போக வேண்டியதாகிறது. கெட்ட பொருளை வாங்கிவிட்டோமே என்று வருந்துகிறோம். ஆனால் நல்ல பொருள் எது என்று வாங்கும் வேளையில் நம்மால் ஏன் அறிய இயலவில்லை? காரணம் எளியது. ஒரு கதிரை எவ்வாறு நிற்கிறது என்பதை நாம் ஒருபோதும் கைதொட்டு அறிந்ததில்லை.

இக்கேள்விக்கு விடை காண முயன்ற இருவர் ஐரோப்பாவில் இருந்தனர்.

பெட்டிப் பலகையிற் பிறந்த கதிரை

முதலாமவர் ஒல்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் 1888 ஆம் ஆண்டு பிறந்த கெரிட் ரீட்வெல்ட். தச்சர் ஒருவரின் மைந்தரான அவர் இளமையில் தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்று, பின்னர் கட்டடக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்றார். உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த 1934 ஆம் ஆண்டில், பொதி கட்டும் பெட்டிகளுக்குப் பயன்படும் மலிவான பலகைகளைக் கொண்டு அவர் கதிரையும் மேசையும் வகுத்தார். அவை வெட்டிய பலகைகளாகவே விற்கப்பட்டன. வாங்கியவர் தம் வீட்டிலேயே அவற்றைப் பொருத்திக் கொள்ளலாம். மெருகில்லாத பெட்டிப் பலகையும் அறிவோடு பொருத்தினால் அழகிய இருக்கையாகும் என்பதை அவர் காட்டினார்.

தபாலில் வந்த பாடம்

இரண்டாமவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1932 ஆம் ஆண்டு பிறந்த இத்தாலியரான என்சோ மாரி, தொழிற்சாலைகளுக்குப் பொருள்களை வடிவமைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். மக்கள் ஒரு பொருளின் தரத்தை உணராமல் மினுக்கத்தையும் விலையையும் மாத்திரம் கண்டு வாங்குகின்றனரே என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. சொற்பொழிவால் இதனை மாற்ற முடியாது என்று கண்ட அவர், 1974 ஆம் ஆண்டில் மிலான் நகரிலுள்ள கலைக்கூடம் ஒன்றிற் புதுமையான கண்காட்சியை நடத்தினார். மேசை, கதிரை, வாங்கு, கட்டில், அலுமாரி, புத்தக இறாக்கை என 19 வகைத் தளபாடங்கள் அங்கு வைக்கப்பட்டன. அத்தனையும் சாதாரணப் பலகையும் ஆணியும் கொண்டே செய்யப்பட்டவை. நுண்ணிய பொருத்து எதுவும் அவற்றில் இல்லை. வாளும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் செய்யத்தக்கவை.

அவற்றின் வரைபடங்களை, தபாற் செலவை மாத்திரம் பெற்றுக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் அனுப்பிவைத்தார் மாரி. ஒரே ஒரு நிபந்தனை: தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் அவ்வடிவங்களைப் பயன்படுத்தலாகாது; தமக்கென்று தம் கையாற் செய்துகொள்வோர் யாவரும் பயன்படுத்தலாம். செய்து முடித்தோர், தாம் செய்த மாற்றங்களோடு நிழற்படம் எடுத்துத் தமக்கு அனுப்பவேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன.

அவரோ முழுமனநிறைவு அடையவில்லை. பலர் இதனை மலிவாகத் தளபாடம் பெறும் வழியாகவும், நாட்டுப்புறப் பாங்கான அலங்காரமாகவும் கருதிவிட்டனர் என்று அவர் குறைப்பட்டார். மேசை கிடைப்பது அவருக்கு இரண்டாம் பயனே. செய்கின்ற வேளையில், இக்கால் ஏன் இங்கு நிற்கிறது, இச்சட்டம் ஏன் சரிந்திருக்கிறது என்று செய்பவர் தம்மையே கேட்டு விடை காணவேண்டும். அதன்பின் கடையில் நிற்கும் எந்தப் பொருளையும் அவர் வேறு கண்ணாற் காண்பார். இதுவே அவர் விரும்பிய முதற்பயன்.

முக்கோணத்தின் வலிமை

அவ்வாறு கேட்கவேண்டிய கேள்விகளில் தலையாயது ஆட்டத்தைப் பற்றியது. மாணவர்கள் இதனை ஒரு சிறு பரிசோதனையால் அறியலாம். நான்கு ஈர்க்குகளைச் சதுரமாக வைத்து, நான்கு மூலைகளையும் நூலாற் கட்டுங்கள். ஒரு பக்கத்தை மெல்லத் தள்ளினால் சதுரம் சரிந்து சாய்சதுரமாகும். மூன்று ஈர்க்குகளை அவ்வாறே கட்டித் தள்ளுங்கள், முக்கோணம் அசையாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணங்கள் மாற முடியாது என்பது கேத்திர கணிதம் கூறும் உண்மை.

நம் வீட்டிற் சில மேசைகள் ஆடுவதன் காரணம் இதுவே. நாட்பட மூலைப் பொருத்துக்கள் தளர்ந்து, மேசை அந்த ஈர்க்குச் சதுரத்தின் நிலையை அடைகிறது. தேர்ந்த தச்சர் நுண்ணிய கழுந்தும் துளையும் அமைத்து மூலையை இறுக்குவார். அக்கைத்திறன் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. பயிற்சி இல்லாதவர் செய்யத்தக்கது, மூலைக்குக் குறுக்கே ஒரு சரிவுக் கட்டையை வைத்து முக்கோணமாக்கிவிடுவதே. மாரியின் மேசைகளிற் காணப்படும் சரிந்த சட்டங்கள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல என்பது இப்பொழுது விளங்குமன்றோ?

ஏதிலிகளின் பட்டறை

இவ்வரைபடங்கள் வெளியாகி ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, அவை எதிர்பாராத கைகளைச் சென்றடைந்தன. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டு, மத்தியதரைக் கடலைப் படகிற் கடந்து, இத்தாலியின் லம்பெடுசாத் தீவு வழியாக ஜேர்மனியின் பேர்லின் நகரை அடைந்த இளைஞர் சிலர் அங்கு வேலையும் வதிவிட உரிமையும் இன்றித் தவித்தனர். 'குக்குலா' என்ற பெயரில் அவர்களுக்காக ஒரு பட்டறை அங்கே உருவாயிற்று. தங்கியிருந்த வெற்றறைகளுக்கு வேண்டிய தளபாடங்களை மாரியின் வரைபடங்களைப் பார்த்து அவர்கள் தாமே செய்தனர். செய்தி அறிந்த மாரி, வியாபாரத்துக்குத் தாம் விதித்திருந்த தடையை அவர்களுக்காகத் தளர்த்தி, அக்கதிரைகளைச் செய்து விற்க அனுமதி வழங்கினார். லம்பெடுசாவில் உடைந்து கிடந்த அகதிப் படகுகளின் மரத்துண்டுகளையும் சில கதிரைகளில் அவர்கள் வைத்துப் பொருத்தினர். விற்பனையால் வந்த பணம் அவர்களின் தொழிற்கல்விக்கு உதவியது.

வெறுந்தரையில் வாழ்வை மீண்டும் தொடங்குவது எத்தகையது என்பதை நம் மக்களுட் பலர் அனுபவத்தால் அறிவர். அத்தகைய வேளையில் ஒருவர் தம் கையாற் செய்த வாங்கு, இருக்கையாக இருப்பதோடு, 'என்னால் இயலும்' என்பதற்குச் சான்றாகவும் நிற்கும்.

மாரி 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தமது 88 ஆவது வயதிற் காலமானார். அவருடைய வரைபடங்கள் நூலுருவில் இன்றும் வழங்குகின்றன.

நம் வீட்டுக்கு ஒரு வாங்கு

இனி நாம் செய்யத்தக்க ஒன்றைக் காண்போம். எழுந்தவுடனே அலுமாரிக்கு ஆசைப்படுதல் வேண்டா. இருவர் வசதியாக அமரக்கூடிய ஒரு வாங்கு, முதல் முயற்சிக்கு ஏற்றது. தாயும் தந்தையும் பிள்ளைகளும் கூடி இரண்டு வார விடுமுறை நாட்களிற் செய்து முடிக்கலாம்.

முதலில் மரம். தேக்கு சிறந்ததாயினும் விலை மிக்கது. முதிரை மிகுந்த வன்மையுடையது. பழகாத கைக்கு வாளும் ஆணியும் இலகுவில் இறங்கமாட்டா. பலாவும் வேம்பும் ஏற்றவை. பலாப்பலகை முதலில் மஞ்சளாக இருந்து நாளடைவிற் செந்தவிட்டு நிறம் பெறும். எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் அவசியம். பச்சை மரத்திற் செய்த பொருள் பின்னர் சுருங்கி வெடிக்கும். மரம் தன் ரேகையின் நீளவாக்கிற் பெரும்பாலும் சுருங்குவதில்லை. குறுக்குவாக்கிலேயே சுருங்கும், விரியும் என்பதை நினைவிற் கொள்க. துறைமுகப் பொதித் தட்டுக்களின் பலகையைப் பயன்படுத்துவோர் அதில் உள்ள முத்திரையைக் கவனிக்கவேண்டும். 'எச்.ரி.' என்னும் ஆங்கில எழுத்துக்கள் வெப்பத்தாற் பதப்படுத்தியதைக் குறிக்கும். 'எம்.பி.' என்றிருப்பின் நச்சுப்புகை ஊட்டிய மரமாதலால் அதனைத் தவிர்த்தல் நன்று.

அடுத்து வரைபடம். நீங்களே வரையலாம். மேலிருந்து நோக்கினால் தெரிவது கிடைப்படம். முன்னிருந்து நோக்கினால் தெரிவது முன் நிலைப்படம். பக்கத்திலிருந்து நோக்கினால் தெரிவது பக்க நிலைப்படம். சதுரக்கோட்டுத் தாளில் ஓர் அங்குலத்தை ஒரு கட்டமாகக் கொண்டு மூன்றையும் வரைந்தபின், கீழ்வரும் அளவுகளைக் குறித்துக்கொள்க. பலகைகள் யாவும் 1 அங்குலத் தடிப்புடையவை.

இருக்கைப் பலகை 1: நீளம் 48 அங்குலம், அகலம் 11 அங்குலம்.
காற்பலகை 2: உயரம் 16½ அங்குலம், அகலம் 9 அங்குலம்.
பக்கச்சட்டம் 2: நீளம் 44 அங்குலம், அகலம் 4 அங்குலம்.
சரிவுக் கட்டை 2: நீளம் 12 அங்குலம், அகலம் 3 அங்குலம், இரு முனைகளும் எதிரெதிராக 45 பாகையிற் சரித்து வெட்டப்படவேண்டும்.

காற்பலகையின் 9 அங்குலத்தோடு இருபுறச் சட்டங்களின் தடிப்பைக் கூட்டினால் 11 அங்குலம். அதுவே இருக்கையின் அகலம். காலின் உயரத்தோடு இருக்கையின் தடிப்பைக் கூட்டினால் 17½ அங்குலம். வளர்ந்தோர் கால் தரையிற் பட அமர்வதற்கு ஏற்ற உயரம். இவ்வாறு ஒவ்வோர் அளவும் எங்கிருந்து வந்தது என்று காண்பதே வரைபடத்தைப் படிக்கும் முறை.

காற்பலகையின் ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டுக. கோட்டின்மேல் அறுக்காமல், கழிவுப் பக்கமாக வாளை வைத்து அறுக்க வேண்டும். வாளும் சிறிது மரத்தைத் தின்னும். பின்னர், இரு காற்பலகைகளையும் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் 36 அங்குலம் இருக்குமாறு நிறுத்திப் பக்கச்சட்டங்களை இருமருங்கும் பொருத்துக. சட்டத்தின் மேல்விளிம்பும் காலின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். சட்டம் இருபுறமும் காலைக் கடந்து 4 அங்குலம் நீண்டிருக்கும். ஆணி பலகையின் தடிப்பைப்போல் இரண்டரை மடங்கு நீளமாயிருந்தாற் போதும். ஆணியிலும் சற்று மெல்லிய துளையை முன்னரே இட்டுக்கொண்டால் மரம் வெடிக்காது.

இருக்கையைப் பொருத்துமுன் ஒரு சோதனை. ஒரு காலின் அடியிலிருந்து மறுகாலின் உச்சிவரை அளக்க. பின்னர் மற்றை மூலைவிட்டத்தையும் அளக்க. இரண்டும் சமமாயின் கால்கள் செங்குத்தாய் உள்ளன. இல்லையேல் மெல்லத் தள்ளிச் சரிசெய்க. அதன்பின் இருக்கையை, இருமுனையிலும் பக்கச்சட்டங்களைக் கடந்து 2 அங்குலம் நீண்டிருக்குமாறு மேலே வைத்து, சட்டங்களின் விளிம்பிலும் கால்களின் உச்சியிலும் அறைக. இறுதியாக வாங்கைக் கவிழ்த்து, காலின் உட்புறமும் இருக்கையின் அடிப்புறமும் கூடும் மூலையிற் சரிவுக் கட்டையைத் திருகாணியாற் பிணைக்க. திருகாணியின் முனை இருக்கையின் மேற்புறம் வெளிவராதபடி நீளத்தை முன்னரே பார்த்துக்கொள்க. இக்கட்டையைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் வாங்கை ஆட்டிப் பார்க்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முக்கோணத்தைப் பற்றி அவர்களுக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

அரத்தாளால் விளிம்புகளை மழுக்கி, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி உலரவிடுக. ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் எறிதல் ஆகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியிற் காயவைத்தபின் அகற்றுக.

செய்தபின் கிடைப்பது

முதல் வாங்கு சிறிது கோணலாயிருக்கலாம். அதனால் இழுக்கொன்றுமில்லை. அடுத்தமுறை கடையில் ஒரு மேசையைக் காணும்போது, உங்கள் கை தானாகவே அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கும். மூலை எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கிறது, பலகை உண்மை மரமா, ரேகை எப்பக்கம் ஓடுகிறது என்று வினவுவீர்கள். மினுக்கம் உங்களை ஏமாற்றுவது அரிதாகும்.

மற்றொரு பயனும் உண்டு. மொறட்டுவையிலோ நம் ஊர் ஒழுங்கையிலோ பட்டறை வைத்திருக்கும் ஓடாவியார் ஒருவர், ஆணியின்றிக் கழுந்தும் துளையும் இறுகச் செய்த கதிரைக்கு விலை சொல்லும்பொழுது, நாம் வழக்கமாகப் பேரம் பேசுகிறோம். ஒரேயொரு நேர்க்கோட்டை அறுப்பதற்கு எத்தனை வியர்வை வேண்டும் என்பதை அறிந்த கை அவ்வாறு பேரம் பேசக் கூசும். கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மை நம்மிடையே நெடுங்காலம் நிலவியது; இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. நூறு சொற்பொழிவுகளாற் போகாத அவ்வெண்ணம், ஒரு நாள் வாள் பிடித்தால் தேயத் தொடங்கும். பாடசாலை விடுமுறை வரும்பொழுது, பிள்ளைகளின் கையில் ஓர் அளவுகோலையும் ஒரு பலகையையும் கொடுத்துப் பாருங்கள்.