அணைக்குள் குடியேறிய மட்டி

பிரேசில் நாட்டுக்கும் பராகுவே நாட்டுக்கும் எல்லையாய் ஓடும் பரானா ஆற்றை மறித்து எழுந்து நிற்பது இத்தைப்பு அணைக்கட்டு. அதன் உயரம் 196 மீற்றர். ஒவ்வொன்றும் 700 மெகாவாற்று ஆற்றல் வாய்ந்த இருபது மின்பிறப்பாக்கிகள் அதனுள் இயங்குகின்றன. பெருவெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் எண்ணிப் பார்த்தே இத்தகைய அணைகளைப் பொறியியலாளர் கட்டுவர். ஆயின், கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு மட்டியை அன்று எண்ணிப் பார்த்தவர் யார்? 2001ஆம் ஆண்டில் அது இத்தைப்புவில் காணப்பட்டது. இன்றுவரை அது அங்கிருந்து போகவில்லை.

ஓட்டின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தால் இதனைப் பொன்மட்டி என்பர். லிம்னோபேர்னா போர்ச்சூனை என்பது விலங்கியலார் இதற்கு இட்ட பெயர். இதன் தாயகம் சீன தேசத்து ஆறுகள். அங்கிருந்து பூமியின் மறுபக்கத்துக்கு இது சென்றது கப்பலிலேயாம். சரக்கின்றிப் புறப்படும் கப்பல் சாயாதிருக்கும் பொருட்டு, அதன் அடித்தொட்டிகளில் நீரை நிரப்பிக்கொள்வர்; சரக்கேற்றும் துறையில் அந்நீரை வெளியே விடுவர். அந்த நீரோடு வந்த மட்டி 1991இல் ஆர்ஜென்ரீனாவின் லா பிளாற்றா ஆற்றுக் கரையில் முதன்முதல் அகப்பட்டது. அப்போது ஒரு சதுர மீற்றரில் நாலைந்து மட்டிகளே இருந்தன. சில ஆண்டுகளுள் அதே அளவிடத்தில் எண்பதினாயிரம் நெருங்கிக் கிடந்தன. தென்கிழக்குப் பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சல்வீனியா 1939இல் கொழும்புக்கு வந்து பின்னர் நம் குளங்களையும் வயல்களையும் மூடிய கதையை மூத்தோர் அறிவர். ஆசியா அதே திசைக்கு அனுப்பிய மறுமொழி போலும் இம்மட்டி!

இங்கே மாணவர் ஒரு கேள்வி எழுப்பலாம். மட்டியின் குடம்பி கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர். நீரோட்டம் இழுத்த வழியே செல்வது. அவ்வாறாயின், அது ஆற்றை எதிர்த்து மேலேறியது எப்படி? அது ஏறவில்லை, ஏற்றிச் செல்லப்பட்டது. தோணிகளின் அடியிலும் மரக்கலங்களின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, ஆண்டுக்குச் சராசரி 240 கிலோமீற்றர் வீதம் அது மேல்நோக்கிப் பயணஞ் செய்ததெனக் கணித்துள்ளனர். 1998இல் யசிரெத்தா அணை, 2001இல் இத்தைப்பு.

அணையின் சுவரை மட்டி ஒன்றுஞ் செய்வதில்லை. சுழலியின் அலகுகளிலும் அது தங்குவதில்லை. அங்கே நீரின் வேகம் பெரிது. வினாடிக்கு ஒன்றரை மீற்றருக்கு மேல் நீர் விரையுமிடத்தில் குடம்பி கால்கொள்வது அரிது. அதற்கு உகந்த இடம் வேறு. மின்பிறப்பாக்கியும் அச்சுத் தாங்கிகளும் ஓயாது சூடேறுவன. அச்சூட்டைத் தணிக்க ஆற்றுநீரையே சிறு குழாய்களில் ஓடவிடுவர். அக்குழாய்களில் நீர் மெல்ல ஓடுகிறது. வெயில் இல்லை, மட்டியைத் தின்னும் மீன் இல்லை, உணவுத்துணுக்குகளோ நாள் முழுவதும் வந்துகொண்டேயிருக்கின்றன. மட்டிக்கு நாமே கட்டிக் கொடுத்த அரண்மனை என்றுதான் சொல்ல வேண்டும். குடம்பி நார்போன்ற இழைகளைச் சுரந்து குழாயின் சுவரைப் பற்றுகிறது. சில மாதங்களில் தானும் இனம் பெருக்குகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வளர, குழாயின் துளை சுருங்குகிறது, வடிகட்டி அடைபடுகிறது. நீர் வரத்துக் குறைந்தால் இயந்திரத்தின் சூடு ஏறும். சூடு எல்லை கடந்தால் அதனை நிறுத்துவதன்றி வேறு வழியில்லை. எழுநூறு மெகாவாற்று இயந்திரம் ஒன்று விரற்கடை அகலக் குழாய்களுக்காக ஓய்ந்து நிற்கும்!

பழியெல்லாம் வந்தேறிகளையே சாரும் என்பதும் சரியன்று. மட்டி வருமுன்பே நன்னீர்ப் பஞ்சுகளும் பாசிபோற் படரும் நுண்விலங்குகளும் உலகெங்கும் அணைக் குழாய்களில் வாழ்ந்தே வந்தன. அவை அவ்வந் நாட்டுக்கே உரியவை. குழாயை வற்றவிட்டு உலர்த்தினாலும் அவற்றின் உறங்கும் முகைகள் சாவதில்லை. நீர் வந்ததும் மீண்டும் முளைக்கும். பஞ்சின் உடலிலுள்ள ஊசி போன்ற நுண்முட்கள் சுத்தஞ் செய்யும் தொழிலாளியின் தோலையும் கண்ணையும் உறுத்துவன. மட்டியின் கேடு அளவிலும் விரைவிலும் மிக்கது, அவ்வளவே.

கொல்வது எளிதன்றோ எனலாம். குளோரீன் கலந்தால், மட்டி அதனை உணர்ந்து ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாட்கணக்கிற் காத்திருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டினால் அந்நீர் அணைக்குக் கீழே மீனுக்கும் மனிதர்க்கும் செல்வது. செப்புப் பூச்சும் இத்தகையதே. அதிலிருந்து கரையும் நஞ்சு மட்டியோடு நிற்பதில்லை. கொன்றாலுந்தான் என்ன? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பர்; இதுவோ செத்தும் கெடுப்பது. கழன்ற ஓடுகள் திரண்டு போய் அடுத்த வளைவை அடைக்கின்றன. ஆதலால், இயந்திரத்தை நிறுத்தி, நீரை வடித்து, ஆட்கள் உள்ளிறங்கிச் சுரண்டியெடுக்கும் பழைய முறையே இன்றும் பெரிதும் கைகொடுக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், 2007இல் மீட் ஏரியில் குவாகா என்ற வேறொரு மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள ஊவர் அணையில் குளிர்விக்கும் நீரின்மீது புறஊதாக் கதிர்களைப் பாய்ச்சுகின்றனர். குடம்பி ஒட்டும் வலுவிழந்து நீரோடு வெளியேறிவிடுகிறது. நல்ல உபாயம், ஆனால் கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது.

பரானா ஆற்றிலே மீன்கள் பல பொன்மட்டியைத் தின்னப் பழகிவிட்டன. அதனால் ஆற்றில் சிறிது தணிவு உண்டாகலாம். குழாய்க்குள் மீன் போவதெங்ஙனம்?

கப்பல்கள் அத்தொட்டிநீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டுமென்ற சர்வதேச உடன்படிக்கை 2004இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2017இற்றான் நடைமுறைக்கு வந்தது. மட்டி தென்னமெரிக்காவில் காணப்பட்டு இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்கிடையில், 2015இல், பரானாவோடு தொடர்பேயில்லாத சான் பிரான்சிஸ்கோ ஆற்றின் சொப்ராடின்யோ நீர்த்தேக்கத்திலும் அது காணப்பட்டது. மனிதர் கொண்டு செல்லாமல் அங்கே அது சேர்ந்திருக்க முடியாது. 2024 ஒக்டோபரில் கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் துறைமுகத்தில் கண்டெடுத்தனர். வட அமெரிக்காவில் பொன்மட்டி காணப்பட்டது அதுவே முதன்முறை.